பிடிக்கக் கற்ற நாயும் விடக் கற்காத மனமும்

 



சில மாதங்களுக்கு முன் மீஞ்சூர்ப் பக்கத்தில் ஓர் ஊரில் ஜும்ஆ பயான் முடித்துவிட்டு வெளியே வந்தேன். செருப்பு விடும் இடத்தில் ஒரு வாலிபர் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு அருகில் வந்து, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். ஆனால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது" என்றார்.

"மார்க்கத்தைக் கேட்பதில் கூச்சம் எதற்குத் தம்பி? கேளுங்கள்" என்றேன்.

அவர் பழவேற்காட்டுப் பக்கத்துப் பிள்ளை. எண்ணூருக்கு வடக்கே 2001 முதல் ஒரு துறைமுகமும், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் 2013 முதல் இன்னொரு துறைமுகமும் இயங்கி வருவது உங்களுக்குத் தெரியும். அவற்றைச் சுற்றிக் கன்டெய்னர் யார்டுகளும் கிடங்குகளும் வந்துவிட்டன. அப்படிப்பட்ட ஒரு கிடங்கில் இவர் இராக்காவல் வேலை பார்க்கிறார். வெறும் காவல் அல்ல, காவல் நாயைப் பிடித்துக்கொண்டு சுற்றி வரும் வேலை. நாயைப் பழக்குவதும் அவரே.

"உம்மா என் சம்பளத்தைக் கையால் வாங்க மறுக்கிறார்கள், ஹஜ்ரத். நாய்க் காசு என்கிறார்கள். இது ஒன்று. இன்னொன்று, காவல் நாய்களுக்குப் போட்டி நடக்கிறதாம். கூட வேலை செய்பவர் ஒருவர், நீ நல்ல சாதிக் குட்டி ஒன்று வாங்கிப் பழக்கு, போட்டியில் ஜெயித்தால் பரிசும் உண்டு, பெயரும் உண்டு என்கிறார். சீட்டுப் பணம் கொஞ்சம் இருக்கிறது. போதாததற்குக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன். கூடுமா, கூடாதா?"

இப்படிக் கேட்டுவிட்டு அவரே சிரித்தபடி, "நாய் என் சொல்லைக் கேட்கிறது, உம்மாதான் கேட்க மாட்டேன் என்கிறார்கள்" என்றார்.

"நீங்கள் உம்மாவின் சொல்லைக் கேட்கிறீர்களா தம்பி?" என்று கேட்டேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

சகோதரர்களே! இந்தக் கேள்விக்கு "நாயா? ஹராம்! போ" என்று ஒரே வார்த்தையில் விடை கூறிவிடுவது எளிது. ஆனால் அது மார்க்கத்துக்குச் செய்யும் நீதி ஆகாது. முதலில் அந்தப் போட்டி என்ன என்பதைப் பார்ப்போம்.

ஜெர்மனியில் 1899ஆம் ஆண்டு மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்பவர், மந்தை மேய்க்கும் நாய்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். நாம் அல்சேஷன் என்று சொல்கிறோமே, அந்த இனம்தான். நாயின் தோற்றத்தை மட்டும் பார்த்து இனம் பெருக்கினால் அதன் குணம் கெட்டுவிடும் என்று கருதி, அதன் உழைப்பையும் அறிவையும் சோதிக்க ஒரு தேர்வு ஏற்படுத்தினார்கள். அதற்கு ஷுட்ஸ்ஹுண்ட், அதாவது காவல் நாய் என்று பெயர். 2019 முதல் அதை ஐ.ஜி.பி. என்று அழைக்கிறார்கள். இன்று பல நாடுகளில் இது ஒரு விளையாட்டாகவே நடக்கிறது.

இதில் மூன்று பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஆக 300. முதற்பாடம் மோப்பம்: மனிதன் நடந்துபோன தடத்தை நாய் தரையில் மூக்கை வைத்தே தொடர வேண்டும். இரண்டாவது கீழ்ப்படிதல்: உட்கார், படு, வா, எடுத்து வா என்ற கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும். மூன்றாவது காவல்: மைதானத்தில் ஆறு மறைவிடங்கள் இருக்கும். ஒன்றில் தடித்த கைக்கவசம் மாட்டிய ஆள் ஒளிந்திருப்பார். நாய் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் அசையாமல் நின்றால் குரைத்துக் காவல் நிற்க வேண்டுமே தவிரக் கடிக்கக் கூடாது. அவர் ஓட முயன்றாலோ தாக்க வந்தாலோ கைக்கவசத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். "விடு" என்று எஜமான் சொன்னதும் உடனே விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லியும் விடாத நாய், மற்ற இரண்டு பாடங்களில் எவ்வளவு மதிப்பெண் பெற்றிருந்தாலும் போட்டியிலிருந்தே நீக்கப்படுகிறது.

இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

இனி ஷரீஅத் என்ன கூறுகிறது என்று பார்ப்போம்.

திருக்குர்ஆனில் ஸூரத்துல் மாயிதாவின் 4ஆவது வசனத்தில், வேட்டைக்குப் பழக்கப்பட்ட பிராணிகள் நமக்காகப் பிடித்துத் தருவதை உண்ண அல்லாஹ் அனுமதிக்கிறான். அந்தப் பிராணிகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கும் அறிவும் அவன் நமக்குக் கற்றுத் தந்ததே என்றும் அங்கே உணர்த்துகிறான். ஆகவே நாயைப் பழக்கும் கலை இழிவான கலை அன்று. ஹாத்திம் தாயீயின் மகனார் அதீ (ரலி) அவர்கள் வேட்டை நாய் பற்றிக் கேட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விளக்கம் ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. பழக்கிய நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி அனுப்பினால் அது பிடித்ததை உண்ணலாம். அந்த நாயே அதில் தின்றுவிட்டால் உண்ணக் கூடாது. ஏனெனில் அது எஜமானுக்காகப் பிடிக்கவில்லை, தனக்காகப் பிடித்திருக்கிறது என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. பார்த்தீர்களா! பழகிய நாய்க்கும் பழகாத நாய்க்கும் சட்டமே மாறுகிறது.

ஆனால் தேவை இல்லாமல் நாய் வளர்ப்பது வேறு. வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய காரணங்கள் இன்றி நாய் வைத்திருப்பவருடைய நற்கூலியிலிருந்து தினமும் ஒரு கீராத் குறைகிறது என்று ஒரு ஹதீஸிலும், இரண்டு கீராத் என்று மற்றோர் அறிவிப்பிலும் வந்திருக்கிறது. நாய் இருக்கும் வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்றும் வந்திருக்கிறது.

அப்படியானால் கிடங்கையும் வீட்டையும் காக்கும் நாய்? ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதை ஆராய்கிறார்கள். மேற்கூறிய மூன்றிலும் அடிப்படைக் காரணம் தேவை என்பதால், அதே தேவை காவலிலும் இருக்கும்போது அதுவும் கூடும் என்பதே மிகச் சரியான சொல் என்கிறார்கள். பழக்குவதற்காகக் குட்டியை வளர்ப்பதும் அவ்வாறே. எனவே அந்தத் தம்பியின் வேலை ஆகுமான வேலைதான். உழைப்புக்குப் பெறும் கூலி ஹலாலே. "நாய்க் காசு" என்று ஹதீஸில் தடுக்கப்பட்டிருப்பது நாயை விற்ற கிரயம். காவல் காத்த கூலிக்கு அது பொருந்தாது. அந்தக் கிரயத்திலும்கூடப் பயனுள்ள நாயை விற்பது கூடும் என்பது ஹனஃபி மத்ஹப். ஷாஃபிஈ மத்ஹபில் அந்த வியாபாரமே செல்லாது. விலை கொடுத்துச் சாதிக் குட்டி வாங்க நினைப்பவர் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

சுத்தத்தின் விஷயம் மிகவும் பேணுதலுக்குரியது. ஷாஃபிஈகளான நமக்கு நாய் முழுவதும் கடுமையான நஜீஸ். அதன் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். காய்ந்த நாய் காய்ந்த துணியில் உரசினால் நஜீஸ் ஆகாது. ஹனஃபிகளிடம் எச்சில்தான் நஜீஸ், மூன்று முறை கழுவினால் போதும். இந்த வேலையில் இருப்பவர் வேலை உடுப்பைத் தனியே வைத்து, அங்கேயே கழுவி, தொழுகைக்கு வேறு உடுப்பு வைத்துக்கொள்ளட்டும். "நஜீஸ் வேலையாயிற்றே" என்று சாக்குச் சொல்லி பஜ்ரையும் இஷாவையும் விட்டுவிடுவதுதான் பெரிய கைசேதம்.

இனிப் போட்டி. இங்கேதான் வழி பிரிகிறது. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில் தவிரப் பந்தயப் பரிசு கிடையாது என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. அவை ஜிஹாதுக்குரிய பயிற்சிகள் என்பதால் அந்தச் சலுகை. நாய்ப் போட்டி அதில் அடங்காது. போட்டியாளர்கள் எல்லோரும் பணம் கட்டி, ஜெயித்தவர் அள்ளிக்கொண்டு போவது சூதாட்டமேதான். வேலையின் தகுதிக்காக முதலாளி ஒரு தேர்வுக்கு அனுப்பினால் போகலாம். அது வேலையைச் சேர்ந்தது. காவலுக்குத் தேவை ஏதும் இல்லாமல், பெருமைக்கும் கோப்பைக்கும் என்றே ஒரு நாயை வாங்கி வளர்ப்பதற்குத் "தேவை" என்ற அனுமதிச் சீட்டு கிடையாது. அதற்கு வட்டிக் கடன் வேறு என்றால், ஒரு கீராத்துக்குப் பயப்பட வேண்டியவன் மலையளவு பாவத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறான்!

நாயோடு நாயை மோதவிடும் சண்டை அறவே ஹராம். பிராணிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏவிவிடுவதைத் தடுக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. நம் நாட்டுச் சட்டமும் 1960 முதல் அதைக் குற்றமாக்கி இருக்கிறது. பழக்கும்போது முகத்தில் அடிப்பதும், பட்டினி போடுவதும், மின் அதிர்ச்சி தரும் பட்டையைக் கழுத்தில் கட்டி வதைப்பதும் முஃமினுக்கு அழகல்ல. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட ஒரு நாய்க்காகக் கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்பளித்தான் என்பதை நாம் எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்! தொட்டால் ஏழு முறை கழுவச் சொன்ன அதே மார்க்கம்தான், அதன் தாகத்தைத் தீர்த்தவனுக்கு மன்னிப்பையும் சுபச்செய்தியாகக் கூறியது.

மனிதர்களின் ஹக்கும் இதில் இருக்கிறது. கிடங்குச் சுவரோரம் அதிகாலையில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் மீனவர் திருடர் அல்லர். அவரை நாயைக் காட்டி மிரட்டுவதும் பாவம். ஏவிவிட்டுக் காயப்படுத்தினால் ஏவியவனே பொறுப்பாளி. மறுமையில் "நாய் கடித்தது" என்று நாம் தப்பிக்க முடியாது.

சகோதரர்களே! இப்போது அந்த "விடு" என்ற கட்டளைக்கு வருகிறேன்.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், மனிதனின் புத்தியை வேட்டைக்குப் புறப்பட்ட குதிரை வீரனுக்கு உவமையாக்குகிறார்கள். இச்சை அவனுடைய குதிரை. கோபம் அவனுடைய நாய். வீரன் திறமைசாலியாகவும், குதிரை பழகியதாகவும், நாய் கற்றதாகவும் இருந்தால் வேட்டை கிடைக்கும். நாய் கடிநாயாக இருந்தால் வேட்டை கிடைப்பது இருக்கட்டும், அவனே அழிந்துபோவான்.

கோபமே வேண்டாம் என்று இமாமவர்கள் கூறவில்லை. காவலுக்கு அது வேண்டும். மானத்தைக் காக்க, மார்க்கத்தைக் காக்க அது வேண்டும். ஆனால் "விடு" என்றால் விட வேண்டும். எத்தனை வீடுகளில், பத்து வருடத்துக்கு முன் நடந்த ஒரு பாகப் பிரிவினையைப் பல்லில் கவ்விக்கொண்டு இன்னும் விடாமல் இருக்கிறோம்! அண்ணன் வாசலைத் தம்பி மிதிப்பதில்லை. மூன்று நாளுக்கு மேல் முகம் திருப்பாதே என்று எஜமான் சொல்லிவிட்டான். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு ஜும்ஆவிலும் நமக்குச் சொல்லப்படுகிறது. நாம் விட்டோமா? ஐந்தறிவுள்ள பிராணி, துடிக்கும் தசையோடு, பிடித்த பிடியை ஒரு சொல்லுக்கு விடுகிறது. விடாத நாய்க்கு மைதானத்தில் இடம் இல்லை என்றால், விடாத மனத்துக்கு எந்த மைதானத்தில் இடம் கிடைக்கும்?

இன்னும் ஒன்று. அதீ (ரலி) அவர்களின் ஹதீஸில் கண்டோம், நாய் தனக்காகப் பிடித்தால் அந்த வேட்டை ஆகாது. நம் அமல்களும் அப்படித்தான். அல்லாஹ்வுக்கென்று புறப்பட்டுவிட்டு, பாதி வழியில் பேருக்கும் புகழுக்கும் நாமே தின்றுவிட்டால் அந்த அமல் எப்படி அங்கே சேரும்?

குகைத் தோழர்களின் நாயை அல்லாஹ் ஸூரத்துல் கஹ்ஃபில் நினைவுகூர்கிறான். அது வாசற்படியில் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு இருந்தது. உள்ளே வரவில்லை, விட்டு ஓடவும் இல்லை. காவலுக்குரிய இடம் வாசல் என்பதை அறிந்த பிராணி! நல்லோரின் வாசலைப் பற்றி நின்றதால் கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் அதற்கு இடம் கிடைத்தது.

அந்தத் தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. வேலை ஹலால், குட்டி வேண்டாம், கடன் அறவே வேண்டாம், முதலில் உம்மாவிடம் போய்ச் சுத்தத்தின் சட்டத்தைப் பணிவோடு விளக்குங்கள், அவர்கள் கோபம் மார்க்கப் பேணுதலில் வந்த கோபம், அதை மதியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் அவரை மீண்டும் கண்டேன். சீட்டுப் பணம் தங்கையின் படிப்புக்குப் போய்விட்டதாம். வேலை உடுப்பு கிடங்கிலேயே தங்கிவிடுகிறதாம். "உம்மா சம்பளத்தை வாங்கிக்கொள்கிறார்களா?" என்று கேட்டேன். "மேசைமேல் வைக்கச் சொல்கிறார்கள் ஹஜ்ரத், பிறகு எடுத்துக்கொள்கிறார்கள். கையில் வாங்குவதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றார். அவர் முகத்தில் சலிப்பு இல்லை. பொறுமையாகப் பழக்கத் தெரிந்தவருக்குப் பொறுமையாகக் காத்திருக்கவும் தெரியும் அல்லவா!

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! நம் நஃப்ஸை அவனுடைய கட்டளைக்குப் பிடிக்கவும் விடவும் தெரிந்த நஃப்ஸாக ஆக்குவானாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!