ஒன்று என்று எதைச் சொல்வது

செல் எண்ணும் கண்ணாடிக்கு ஹீமோசைட்டோமீட்டர் என்று பெயர். ரத்த அணுக்களுக்காகப் பிறந்தது; இன்று ஈஸ்ட், பாசி, விந்தணு, புற்றுநோய்ச் செல் என எல்லாமே அதில் ஏறுகின்றன. கண்ணாடியில் கீறிய பெரிய சதுரம் பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர். கவர்ஸ்லிப்பை மூடினால் கீழே 0.1 மில்லிமீட்டர் ஆழம். அதில் தங்கும் திரவம் ஒரு மில்லிலிட்டரில் 10,000-இல் ஒரு பங்கு. எண்ணியதை 10,000-ஆல் பெருக்கினால் போதும், ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை செல் என்று தெரிந்துவிடும்.

பெருக்கல் எளிது என்பதால் அதன் கனம் தெரிவதில்லை. ஒரே சதுரத்தை வைத்துக் கணக்குப் போடுபவர் ஒரு செல்லைத் தவறவிட்டால் தாளில் பத்தாயிரம் காணாமல் போகிறது.

கோட்டின் மேலேயே நிற்கும் செல்லுக்கு ஒரு விதி உண்டு. மேல்கோட்டையோ இடக்கோட்டையோ தொட்டால் சேர்த்துக்கொள். கீழ்க்கோட்டையோ வலக்கோட்டையோ தொட்டால் விட்டுவிடு. பக்கம் எது என்பது பெரிதில்லை. எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது, அவ்வளவுதான். எண்ணிக்கை கண்ணில் தொடங்குவதாக நினைக்கிறோம். அதற்கும் முன்பே ஓர் ஒப்பந்தம் நடந்து முடிந்திருக்கிறது.

*

ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் ஃபியரோர்ட் 1852-இல் மனித ரத்தத்தின் சிவப்பணுக்களை முறையாக எண்ணி வெளியிட்டார். அளந்தெடுத்த ரத்தத்தைக் கண்ணாடியில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொன்றாக. ஒரு தடவை எண்ணி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50 லட்சம் என்று கண்டார். இன்றைய ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சாகும் அளவும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. பொறுமையான கண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று இங்கே குறித்துவைக்கிறேன். பின்னால் வருவதெல்லாம் இயந்திரங்களைப் பற்றியது.

*

டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட்டுக்கு ஈஸ்ட் எண்ண வேண்டியிருந்தது. எவ்வளவு ஈஸ்ட் சேர்க்கிறோம் என்று தெரியாமல் பீரின் தரத்தை நிலையாக வைத்திருக்க முடியாது. ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணும்போது நேரும் பிழையைப் பற்றி 1907-இல் பயோமெட்ரிகா இதழில் எழுதினார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதுவதை ஆலை விரும்பவில்லை; ஆகவே ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயர்.

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை. 400 சிறு சதுரங்கள், மொத்தம் 1,872 ஈஸ்ட் செல்கள், சராசரி 4.68. நான்கு செல் இருந்த சதுரங்கள் 86, அதுதான் அதிகம். ஒரே ஒரு செல் இருந்தவை 20. பன்னிரண்டு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவை 2.

நன்றாகக் கலக்கிவிட்டால் எல்லாச் சதுரத்திலும் ஒரே அளவு விழும் என்று மனம் எதிர்பார்க்கிறது. சீரான கலவை தருவது இந்த மேடுபள்ளத்தைத்தான். ஒரு செல் எங்கே விழுந்தது என்பது அடுத்த செல்லுக்குத் தெரியாது. ஒன்றையொன்று அறியாமல் விழுபவை இப்படித்தான் சிதறும். அந்தச் சிதறலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, பாய்சான் பரவல் என்று அதற்குப் பெயர். 400 சதுரத்திலும் நான்கோ ஐந்தோ மட்டும் இருந்திருந்தால்தான் காசெட் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

*

அந்தப் பரவலிலிருந்து வரும் கணக்கு இது. 100 செல் எண்ணினால் 10 அப்படியும் இப்படியும் ஆடும், பத்து சதவீதம். 400 எண்ணினால் 20, ஐந்து சதவீதம். ஒரு சதவீதத்துக்கு இறங்க வேண்டுமானால் 10,000 செல்லை எண்ண வேண்டும். துல்லியம் இரண்டு மடங்காக, உழைப்பு நான்கு மடங்காகிறது.

கையில் கவுன்ட்டரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் சில நூறிலேயே களைத்துவிடுவார். இமேஜ் சைட்டோமெட்ரி இங்கேதான் நுழைகிறது. கேமரா பொருத்திய நுண்ணோக்கி சிலைடு முழுவதையும் படம் படமாக எடுக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் செல்களைத் தேடிப் பிரித்து, எண்ணி, பரப்பையும் வட்டத்தன்மையையும் ஒளிர்வையும் அளந்து அட்டவணையில் வைக்கிறது. பத்தாயிரம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் காசெட் பிழைக்கு இரண்டு ஊற்றுகளைச் சொன்னார். செல்கள் சதுரங்களில் சிதறுவது ஒன்று. நாம் எடுத்த துளி, மொத்தத் திரவத்தின் உண்மையான மாதிரியாக இல்லாமல் போவது மற்றொன்று. முதலாவதை இயந்திரம் குறைக்கும். இரண்டாவது அதன் கைக்கு எட்டாது. குழாயைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தாலே செல்கள் அடியில் இறங்கத் தொடங்கும். மேலாக உறிஞ்சிய துளியைக் கொடுத்தாலும் கருவி அதே தன்னம்பிக்கையோடு தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும்.

*

உயிருள்ளவை எத்தனை, இறந்தவை எத்தனை? இதற்கு இரண்டு சாயங்கள். அக்ரிடின் ஆரஞ்சு எல்லாச் செல்லுக்குள்ளும் நுழைந்து உட்கருவைப் பச்சையாக ஒளிரவைக்கும். புரொப்பிடியம் அயோடைடு, சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும். அங்கே பச்சை அடங்கிச் சிவப்பு மேலோங்கும்.

எண்ணும் கலைக்கே காரணமான சிவப்பணு இந்த ஏற்பாட்டில் கண்ணில் படாது. அதற்கு உட்கரு இல்லை. சாயம் பிடிக்க டி.என்.ஏ. இல்லை. வெள்ளணுக்களை மட்டும் எண்ண விரும்புகிறவருக்கு அது பெரிய வசதி.

சாவு என்பதற்கு இங்கே ஒரே அர்த்தம்: சவ்வு கிழிந்திருக்கிறது. தானே அழிந்துபோகும் வழியில் இறங்கிவிட்ட செல், திரும்ப முடியாத இடத்தைத் தாண்டிய பிறகும் சவ்வைச் சில மணி நேரம் முழுதாக வைத்திருக்கும். அந்த நேரமெல்லாம் அது பச்சைக் கணக்கில் சேரும். 92 சதவீதம் உயிரோடு என்று திரை சொன்னால், 92 சதவீதத்துக்குச் சவ்வு கிழியவில்லை என்று படிக்கப் பழக வேண்டும். செல் சாவது நேரம் எடுக்கும் காரியம். அறிக்கையில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது.

*

கணினிக்குச் செல் தெரியாது. பிக்சல் தெரியும், ஒவ்வொன்றின் வெளிச்சம் தெரியும். எந்த அளவுக்கு மேல் வெளிச்சமாக இருந்தால் செல், எதற்குக் கீழே வெறும் பின்னணி என்று ஒரு கோடு கிழித்துக் கொடுக்க வேண்டும். 1979-இல் நோபுயுகி ஓட்சு அந்தக் கோட்டைப் படமே தேர்ந்துகொள்ளும் வழியை எழுதினார். வெளிச்சமான கூட்டமும் இருண்ட கூட்டமும் எங்கே பிரித்தால் மிகத் தெளிவாகப் பிரிகின்றனவோ, கோடு அங்கே.

ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களுக்கு வேறு வழி. படத்தை மேடும் பள்ளமுமான நிலமாக எண்ணிக்கொள்கிறது மென்பொருள். ஒவ்வொரு பள்ளத்திலும் நீர் ஏறவிடுகிறது. இரண்டு பள்ளத்து நீர் சந்திக்கும் இடத்தில் ஒரு வரப்பு போடுகிறது. வரப்புக்கு இந்தப்பக்கம் ஒரு செல், அந்தப்பக்கம் ஒரு செல்.

பெரும்பாலும் வரப்பு சரியாகவே விழுகிறது. சில நேரம் நீளமான ஒரே செல்லின் நடுவே விழுகிறது. உட்கருவை எண்ணிச் செல்லை எண்ணியதாகக் கொண்டால், கல்லீரல் செல்லில் தடுக்கி விழுவோம்: அவற்றில் பலவற்றுக்கு இரண்டு உட்கரு. எலும்புத்தசையின் ஒரே நாரில் நூற்றுக்கணக்கில் உட்கரு.

1950-களில் அமெரிக்காவில், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான பாப் ஸ்மியர் கண்ணாடிகளைத் தானாகப் படிக்க சைட்டோஅனலைசர் என்ற கருவியைக் கட்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்த செல்களையும் குப்பையையும் அது சந்தேகத்துக்குரியவை என்று கொடி காட்டிக்கொண்டே இருந்தது. முயற்சி கைவிடப்பட்டது. அபூர்வமான செல்லைக் கண்டுபிடிப்பதைவிட, சாதாரணமான இரண்டை இரண்டு என்று காண்பதுதான் கடினமாக இருந்தது.

*

ராபர்ட் ஃபாய்ல்கன் 1924-இல் டி.என்.ஏ.வை மட்டும் செந்நீலமாக்கும் சாயமுறையைத் தந்தார், டி.என்.ஏ. எவ்வளவோ, நிறமும் அவ்வளவு. 1930-களில் ஸ்டாக்ஹோமில் டார்ப்யோர்ன் காஸ்பர்சன், ஒரு தனிச் செல் எவ்வளவு புறஊதா ஒளியை விழுங்குகிறது என்று நுண்ணோக்கியிலேயே அளந்து, அதற்குள் இருக்கும் நியூக்ளிக் அமிலத்தைக் கணக்கிட்டார். பார்ப்பது அளப்பதாக மாறிய இடம் இது.

வளரும் செல்களின் டி.என்.ஏ. அளவை வரைபடமாக்கினால் இரண்டு முகடுகள் எழும். முதல் முகடு, பிரியத் தயாராகாத செல்கள், ஜி1 நிலை. இரண்டாவது அதற்குச் சரியாக இரு மடங்கில்: டி.என்.ஏ.வை நகலெடுத்து முடித்த ஜி2 நிலையும், பிரிந்துகொண்டிருப்பவையும். நடுவிலுள்ள தாழ்வில் நகலெடுத்துக்கொண்டிருப்பவை. மொத்தத்துக்கும் சராசரி போட்டால் அது இரண்டு முகடுக்கும் இடையில் எங்கோ போய் நிற்கும். பெரும்பாலான செல்கள் அங்கே இருப்பதில்லை.

*

வாலஸ் கூல்ட்டரின் கருவிக்கு 1953-இல் காப்புரிமை கிடைத்தது. நுண்ணிய துளை வழியே செல் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் உயரும். அந்தத் துடிப்புதான் எண்ணிக்கை. பின்னர் வந்த ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல்கள் வரிசையாக லேசர் முன் ஓடுகின்றன, நொடிக்கு ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் சில எண்களை விட்டுவிட்டுக் கழிவுப் புட்டிக்குப் போய்விடும்.

இரண்டாம் முகட்டில் ஒரு புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு மடங்கு டி.என்.ஏ. அது பிரியப்போகும் ஒரே செல்லா, ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு ஜி1 செல்களா? மொத்த ஒளிர்வைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில். ஃப்ளோ முறையில் துடிப்பின் அகலத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். அது நல்ல ஊகம். இமேஜ் சைட்டோமெட்ரியில் அந்தப் புள்ளியைச் சொடுக்கினால் செல்லின் படமே வந்து நிற்கும்.

வேகத்துக்காக இந்தக் கருவியைப் புகழ்பவர்கள் உண்டு. வேகத்தில் ஃப்ளோ முறையே முந்தும். இதன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணிலிருந்து செல்லுக்குத் திரும்பிப்போக வழி இருக்கிறது. தனியாக வரும் எண்ணை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். படத்தோடு வரும் எண்ணுடன் வாதாடலாம்.

*

புதிய மென்பொருள்கள் கோடு கிழிப்பதைக் கற்றுக்கொள்கின்றன. ஜனேலியா ஆய்வு மையத்தில் கார்சன் ஸ்ட்ரிங்கரும் மாரியஸ் பாச்சிடாரியுவும் உருவாக்கிய செல்போஸ் பலவகைப் படங்களிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட வரையறுத்த உருவங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அந்த எல்லைகளை மனிதர்கள் வரைந்து கொடுத்தார்கள். இது ஒன்று, இதோடு முடிகிறது, அடுத்தது இங்கே தொடங்குகிறது என்று முடிவெடுத்த கைகள் மென்பொருளுக்குள் இருக்கின்றன. ஃபியரோர்டின் கண் அங்கே இன்னும் வேலை பார்க்கிறது.

*

பிரிந்துகொண்டிருக்கும் செல்லை எண்ண வேண்டியிருக்கிறது. உட்கருக்கள் இரண்டாகி விலகிவிட்டன. நடுவே இடை ஒடுங்கி, மெல்லிய பாலம் ஒன்று இரண்டு பக்கத்தையும் இன்னும் இணைத்திருக்கிறது. சாயத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் இரண்டு என்கிறது. செல்லின் விளிம்பைப் பார்க்கும் மென்பொருள் ஒன்று என்கிறது. இரண்டும் பிழை செய்யவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

தாளில் ஒன்றரை என்று எழுத இடமில்லை. உட்கரு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் இரண்டு என்று வைத்துக்கொள்கிறேன். அதை முடிவுக்குப் பின் எழுதாமல், முதல் படத்தைத் திறக்கும் முன்பே குறிப்பேட்டின் தலைப்பில் எழுதுகிறேன். அதற்குக் கீழே சாயத்தின் பெயர், வெளிச்சக் கோட்டின் அளவு, உண்மையில் எண்ணிய செல்கள் எத்தனை, படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன. சதவீதம் கடைசி வரியில் வரும். வேறொருவர் அதே படங்களை எடுத்து, பாலம் அறும்வரை ஒன்றுதான் என்று வாதாடி என் எண்ணைத் திருத்த இவ்வளவும் போதும்.