மதகும் கலிங்கும்

சீடன்: ஐயா, ஏரி ஏரியாக அலைந்து, கரைமேல் நடந்து, மதகுகளை அளந்து, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு நான் எழுதிய அறிக்கை மேலதிகாரியின் பெயரில் அச்சாகி வந்துவிட்டது. முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்தில்கூட என் பெயர் இல்லை. அன்றிலிருந்து எந்த வேலையிலும் கை ஓடவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் புத்தகத்தின் அட்டைதான் வந்து நிற்கிறது. ஆத்திரத்தை ஆக்கமாக மாற்றிக்கொள் என்று வீட்டிலும் வெளியிலும் சொல்கிறார்கள். அது நடக்கிற காரியமா, ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சா?

குரு: நடக்கிற காரியம்தான் தம்பி. ஆனால் தானாக நடக்காது. நீ அலைந்த ஏரியையே வைத்துப் பேசுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிவிட்டது. நீர் வெளியேற மூன்று வழி. கரை உடைந்தால் ஊர் மூழ்கும். விடிந்து பார்த்தால் ஏரியும் காலியாகக் கிடக்கும். அதிகாரியின் அறைக்குள் புகுந்து கத்திவிட்டு, வேலையையும் உதறிவிட்டு வருவது அந்த வகை. மிகை நீருக்கான கலிங்கு ஏறி வழிந்தால் கரை பிழைக்கும். ஆனால் அந்த ஏரியின் ஆயக்கட்டில் ஒரு பாத்தியும் நனையாது. மதகு வழியாகப் போனால்தான் வாய்க்கால், வயல், நெல் எல்லாம். உன் மனசில் தேங்கியிருப்பதும் அப்படிப்பட்ட நீர்தான். அது ஏன் வந்தது என்று உன்னையே நொந்துகொள்ளாதே. எந்த வழியில் போகிறது என்று பார்.

சீடன்: கலிங்கில் வழிகிற நீரும் வீணாவதில்லையே ஐயா. கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குத்தானே போகிறது?

குரு: போகிறதுதான். டீக்கடையில் நண்பர்களிடம் தினமும் கொட்டித் தீர்க்கிறாயே, அது எங்கே போகிறது? அவர்கள் ஏரிக்கு. அவர்களும் ஏற்கெனவே நிரம்பித் தளும்பிக்கொண்டிருப்பவர்கள். ஒருநாள் கொட்டலாம், தப்பில்லை. கலிங்கு இல்லாத ஏரி உடைந்துபோகும். தினம் தினம் அதுவே வழி என்றால் உன் வயல் தரிசுதான்.

சீடன்: ஆக்கம் என்கிறீர்களே, எல்லாருக்கும் எழுத்தும் கலையும் வந்துவிடுமா?

குரு: வர வேண்டாம். ஆக்கம் என்றால் கவிதைதானா? தச்சு தெரிந்தவர் நாற்காலி செய்யட்டும்.

சீடன்: உடம்பே சோர்ந்து கிடக்கும்போது?

குரு: தூங்கு. இதையெல்லாம் விடு, நீ கேட்க வந்தது வேறு. அதைக் கேள்.

சீடன்: கேட்கிறேன் ஐயா. எனக்கு நடந்தது அநியாயம். என் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அதைச் செய்தவர். அதை எடுத்து நான் புத்தகம் எழுதச் செலவழித்தால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். நாளை இன்னொரு பையனின் உழைப்பிலும் கை வைப்பார். ஆத்திரத்தை ஆக்கமாக்கு என்ற புத்திமதி எப்போதும் அடிபட்டவனுக்குத்தான் கிடைக்கிறது. அடித்தவரைக் கூப்பிட்டு யாரும் எதுவும் சொல்வதில்லை. அடங்கிப்போ என்பதைத்தானே இப்படிப் பதமாகச் சொல்கிறார்கள்?

குரு: இந்தக் கேள்வியை நானும் நெடுங்காலம் சுமந்தவன். அதனால் இதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

வ.உ.சி.யை நினைத்துப் பார். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவர். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மொத்தம் 40 ஆண்டு. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். அந்தக் கல்செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. ஒருமுறை போய் அதன் பக்கத்தில் நின்று பார். மாடு சுற்ற வேண்டிய வட்டத்தில், வக்கீலாக வாழ்ந்த மனிதர் வெயிலில் சுற்றினார். அவர் சிறையில் இருக்கும்போதே கம்பெனி கலைந்தது, கப்பல் கைவிட்டுப் போனது, வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னதும் பறிபோனது.

இத்தனையும் தேங்கி நின்ற மனிதர் என்ன செய்தார்? ஜேம்ஸ் ஆலனின் சிறு நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். கண்ணூர்ச் சிறையில் கூட இருந்த கைதிகளுக்கு அறம் சொல்லப்போய், அது 'மெய்யறம்' என்ற நூலாயிற்று. தன் கதையை அகவலில் பாடினார். விடுதலைக்குப் பிறகு, 1917இல், திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை அச்சேற்றவும் உழைத்தார்.

அவர் அடங்கிப்போனார் என்று சொல்வாயா? உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். சிறையில் நடந்த கொடுமைகளைச் சுயசரிதையில் மூடி மறைக்கவில்லை. வெள்ளைக்கார அரசாங்கம் அவரைப் பற்றி எழுதிவைத்த கோப்புகளுக்கு எதிரில், நம் பக்கத்துச் சாட்சியமாக அந்த அகவல் இன்றும் நிற்கிறது. அவர் வழக்கை விட்டுவிட்டு நூலுக்குப் போகவில்லை. வழக்கு ஒரு மதகு, நூல் இன்னொரு மதகு. பெரிய ஏரிக்கு ஒரே மதகுதான் இருக்கும் என்று உன் அறிக்கையில் எழுதினாயா?

இன்னொன்றையும் கவனி. மதகை மழைக்கு முன்பே கட்டிவைக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு கரையைத் தோண்டினால் அது உடைப்புதான். வ.உ.சி. சிறைக்குப் போகும் முன்பே தமிழைக் கசடறக் கற்றவர், 'விவேகபாநு' பத்திரிகையில் எழுதிப் பழகியவர். துன்பம் அவரை எழுத்தாளர் ஆக்கவில்லை; ஏற்கெனவே இருந்த வாய்க்காலில் அது பாய்ந்தது. வேதனை தானே கலையாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை. வேதனைப்பட்டு, ஒன்றும் ஆகாமல், உள்ளுக்குள்ளேயே கசந்து முடிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு மதகு கட்டிக்கொள்ள யாரும் அவகாசம் கொடுக்கவில்லை. உனக்கு மதகு வாய்த்திருக்கிறது. அளக்கத் தெரியும், கேட்கத் தெரியும், எழுதத் தெரியும்.

நீ பார்த்த குமிழித்தூம்பு மதகில் இரண்டு வகைத் துளை இருக்குமே: மேலே நீரோடி, கீழே சேறோடி. நம் முன்னோர் தெளிந்த நீருக்கு மட்டும் வழி வைக்கவில்லை. அடியில் படிந்த சேறும் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் ஏரி தூர்ந்துபோகும். அந்த வண்டல் வயலுக்கு உரமும் ஆகும். உன் ஆத்திரத்திலும் தெளிவு கொஞ்சம், சேறு கொஞ்சம். 'என் உழைப்பு களவு போனது' என்பது தெளிவு. 'அவன் நாசமாகப் போகட்டும்' என்பது சேறு. சேறு இருப்பதற்காக வெட்கப்படாதே. அதையும் உழைப்பின் பக்கம் திருப்பிவிடு. முதல் பிரதியில் அது கலங்கலாகத்தான் வரும். வரட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஆக்கம் இழப்பை ஈடுகட்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். நூல்கள் எழுதியதால் வ.உ.சி.யின் கடன் தீரவில்லை, கப்பல் திரும்பவில்லை. 1936இல் சாகும்வரை வறுமை அவரை விடவில்லை. ஆனால் பறிபோன சன்னது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தன் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். இரட்டை ஆயுள் தண்டனை பெற்றவர் ஒரு வெள்ளைக்காரரின் பெயரைத் தன் வீட்டுக்குள் அன்றாடம் கூப்பிடுகிற பெயராக வைத்துக்கொண்டார். தன்னைச் சிறையில் தள்ளிய ஆட்சியையும், தனக்கு நியாயம் செய்த மனிதரையும் அவரால் பிரித்துப் பார்க்க முடிந்தது. அந்த மனம் எப்படி அமைந்தது என்று இன்றும் நான் வியக்கிறேன்.

இனி உன் காரியம். முதலில் துறைத் தலைமைக்கு ஒரு பக்கத்தில் புகார் எழுது. எந்த ஏரியை எந்தத் தேதியில் அளந்தாய், குறிப்பேட்டில் எந்தப் பக்கம் என்பது மட்டும் போதும், வசவு வேண்டாம். நகல் வைத்துக்கொண்டு விரைவுத் தபாலில் அனுப்பு. அதே நாள் இரவில் குறிப்பேட்டைத் திற. மூச்சடக்கித் தூம்புக்குள் இறங்கிக் கல்லைப் பிடுங்கிய மடைக்காரர்கள் சொன்னதெல்லாம் அந்த அறிக்கையில் இல்லையே? அந்தப் பக்கங்களை உன் அதிகாரி தொடக்கூட இல்லை. அவற்றிலிருந்து தொடங்கு. புகாருக்குப் பதில் வருகிறதா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டு எழுத்தை நிறுத்தாதே. முதல் அத்தியாயத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவா; சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்.