புதிய பூவும் பழைய கேள்வியும்



வல்வெட்டித்துறையில் ரோசா வளர்க்க முயன்ற எவரைக் கேட்டாலும் அந்தக் கன்றின் கதையை ஏறக்குறைய ஒரே விதமாகவே சொல்வார்கள். மலைநாட்டிலிருந்து சாடியில் வந்து சேரும்போது அது மொட்டும் மலருமாக நிற்கும். ஒரு மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சி. பின்னர் இலை வெளிறும், கறுப்புப் புள்ளிகள் விழும், கம்பு நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும். சித்திரை வெயிலோடு கதை முடிந்துவிடும். "எங்கட மண்ணுக்கு ரோசா சரிவராது" என்று வீட்டுக்காரர் சாடியைக் கிணற்றடியில் ஒதுக்கி வைப்பார். அதே வளவின் வேலியோரத்தில் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் எவருடைய தயவும் இன்றிப் பூத்துக் கொண்டிருக்கும்.

குற்றம் யாருடையது? கடலை அண்டிய மணல் நிலம், அடியில் முருகைக்கல், காற்றில் உப்பு, பல கிணறுகளில் சவர்த் தண்ணீர். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்புச் சத்து இருந்தாலும் ரோசாவின் வேர் அதை எளிதில் உறிஞ்சமாட்டாது. ஆகவே இலை மஞ்சளாகிறது. ஆனால் ரோசாவையும் குறை சொல்ல முடியாது. அது வேறொரு நாட்டாரின் கைகளால், வேறொரு காலநிலைக்காக ஆக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் பூக்கும் சீன ரோசாக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவை அடைந்தன. அங்கிருந்த தோட்டக்காரர் அவற்றைத் தங்கள் ரோசாக்களோடு கலந்தனர். 1867ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்துக் கியோ என்பவர் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்ற மலரிலிருந்தே இக்கால ரோசாக்களின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தங்கள் குளிரிலும் தங்கள் மண்ணிலும் நன்றாக நின்ற கன்றுகளைத் தெரிந்தெடுத்தார்கள். வல்வெட்டித்துறையின் வெயிலை எவரும் மனத்தில் கொள்ளவில்லை.

அப்படியானால் எங்கள் வெயிலுக்கு ஏற்ற ஒரு பூவை உண்டாக்க முடியுமா? இது விஞ்ஞானத்தின் கேள்வி. உண்டாக்கலாமா, உண்டாக்குவதாயின் எந்த மனத்தோடு? இது மனச்சாட்சியின் கேள்வி. இரண்டையும் சேர்த்தே சிந்திப்போம்.

கொடைக்கானலில் ஒரு முயற்சி

முதற் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டிலே, கொடைக்கானல் மலையில், எம். எஸ். வீரராகவன் என்பவரும் அவருடைய துணைவியார் கிரிஜாவும் இதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்கள். வீரராகவன் இந்திய ஆட்சிப் பணியில் உயர் பதவி வகித்தவர். 1980ஆம் ஆண்டில் அப்பதவியைத் தாமாகவே துறந்து ரோசா இனவிருத்தியில் இறங்கினார். வெப்ப நாடுகளில் உயிரோடு மட்டுமல்ல, உற்சாகத்தோடும் வாழும் ரோசாக்களை உண்டாக்குவதே அவருடைய நோக்கம்.

அதற்கு அவர் தேர்ந்த வழி கவனிக்கத்தக்கது. வெளிநாட்டு ரோசாவை மருந்தும் உரமும் கொடுத்து வருத்தி வாழவைக்க அவர் முயலவில்லை. எங்கள் வெயிலுக்குப் பழகிய காட்டு ரோசாக்கள் உண்டா என்று தேடினார். உண்டு. கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் ஆற்றங்கரைகளில், வெள்ளம் நிற்கும் இடங்களிலும் தாக்குப்பிடித்து வளரும் 'ரோசா கிளைனோபில்லா' ஒன்று. மணிப்பூர் மலைகளிலும் பர்மாவிலும் மரங்களின்மேல் ஏறிப் படர்ந்து பெரிய வெளிர்மஞ்சட் பூக்களைத் தரும் 'ரோசா ஜைகான்டியா' மற்றொன்று. இவற்றையே அவர் தோட்ட ரோசாக்களோடு கலந்தார்.

கலப்பது எப்படி? மொட்டு விரியுமுன் இதழ்களை நீக்கி, அப்பூவின் மகரந்தம் அதன்மேலேயே விழாதபடி கேசரங்களைக் கிள்ளிவிட வேண்டும். மற்றப் பூவின் மகரந்தத்தை அதன் குறியிலே தடவி, வண்டு தீண்டாதபடி கடதாசியால் மூட வேண்டும். காய் முற்ற மாதங்கள் செல்லும். விதை முளைக்க மேலும் மாதங்கள். முளைத்து வரும் பிள்ளைகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. நூற்றுக்கணக்கில் முளைத்தாலும் வைத்துக்கொள்ளத் தகுந்தவை ஒன்றிரண்டே. அவற்றையும் பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் சோதிக்க வேண்டும். மகரந்தம் தடவிய நாளிலிருந்து ஒரு ரோசா பிறர் கைக்குப் போகும் நாள்வரை எட்டுப் பத்து ஆண்டுகள் கடந்துவிடும்.

காட்டு ரோசாவோடு கலப்பதில் மேலும் ஓர் இடர் உண்டு. அக்காட்டு ரோசாக்களின் உயிர்க்கலத்தில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதி. தோட்ட ரோசாக்களிற் பெரும்பாலானவற்றில் நான்கு. இரண்டும் சேர்ந்து பிறக்கும் பிள்ளைக்கு மூன்று தொகுதி வாய்க்கும். அது பெரும்பாலும் மலடாகும். பூக்கும், ஆனால் அடுத்த தலைமுறைக்கு வித்துத் தராது. அப்படியிருந்தும் அவர்கள் கைவிடவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ரோசாக்கள் அவர்கள் தோட்டத்திற் பிறந்தன.

படைத்தவருடைய எல்லைக்குள் நுழைகிறோமா?

இனி மனச்சாட்சியின் கேள்விக்கு வருவோம். இறைவன் படைக்காத பூவை மனிதன் உண்டாக்குவது அத்துமீறல் ஆகாதா?

இந்த அச்சம் பழையது. லண்டனை அடுத்த ஹொக்ஸ்டனில் தோமஸ் பெயர்சைல்ட் என்ற தோட்டக்காரர் 1717ஆம் ஆண்டளவில் இருவேறு பூங்கன்றுகளைக் கலந்து ஒரு புதிய பூவை உண்டாக்கினார். மனிதன் வேண்டுமென்றே செய்த முதற் கலப்புப் பூங்கன்று அதுவே என்பார்கள். அது மலடாக இருந்தபடியால் 'பெயர்சைல்டின் கோவேறு கழுதை' என்று அழைக்கப்பட்டது. 1729ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, படைப்பில் விளங்கும் இறைவனின் அற்புதச் செயல்களைப்பற்றி ஆண்டுதோறும் ஒரு பிரசங்கம் நிகழ்த்தப்பட வேண்டுமென்று 25 பவுண் எழுதிவைத்திருந்தார். இறைவனின் வேலையிலே கைவைத்துவிட்டோமே என்ற உறுத்தலே இதற்குக் காரணம் என்று பிற்காலத்தவர் சிலர் கூறுவதுண்டு. அவர் நெஞ்சில் இருந்தது அச்சமோ வியப்போ, தம் கை செய்த காரியம் தம்மைவிடப் பெரியது என்று உணர்ந்த ஒரு மனிதரின் செயல் அது.

அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழித்து, எங்கள் திருச்சபையின் துறவி ஒருவர் இதே வேலையைச் சிறிதும் கலக்கமின்றிச் செய்தார். அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், புருண் நகர மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிக் கன்றுகளை வளர்த்து, பூவின் நிறமும் விதையின் வடிவும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் ஒழுங்கைக் கண்டறிந்தார். 1866இல் அது அச்சேறியபோது உலகம் கவனிக்கவில்லை. 1884இல் அவர் இறந்தார். 1900ஆம் ஆண்டிலேதான் உலகம் விழித்தது. மெண்டல் எதையும் புதிதாகப் படைக்கவில்லை. முன்பே இருந்த ஒழுங்கைப் பொறுமையோடு எண்ணிப் பார்த்தார். ரோசாவைக் கலப்பவரும் அந்த ஒழுங்குக்குள்ளேதான் வேலை செய்கிறார். ஒரு நிறத்தை, ஒரு வாசனையை, ஓர் இதழை அவர் இல்லாமையிலிருந்து கொண்டுவருவதில்லை. இரண்டு உயிர்களைச் சந்திக்க வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஆதி மனிதன் தோட்டத்திலே வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே என்று வேதம் கூறுகிறதல்லவா? பண்படுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு. காக்கும் கடமையும் அதனோடு சேர்ந்தே தரப்பட்டது.

சோற்றுக்கு உதவாத வேலையா?

"பூவைப் பார்த்தால் வயிறு நிறையுமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குச் சொல்லால் அன்றி, வாழ்க்கையால் விடை சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவில் பி. பி. பால் என்ற விஞ்ஞானி துருநோயைத் தாங்கும் என்.பி. 809 என்ற கோதுமையை 1954ஆம் ஆண்டில் தந்தார். பல கோடி மக்களின் உணவோடு தொடர்புடைய அதே மனிதர் ஓய்வு நேரத்தில் ரோசாக்களை உண்டாக்கினார். தலைச்சேரியிற் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலே கரும்பை ஆராய்ந்தவர். பின்னர் இங்கிலாந்தில் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியாப் பூமரங்களின் நிறமூர்த்தங்களை இரட்டிக்கச் செய்தார். அந்த அம்மையாரின் பெயரையே வீரராகவன் தம்பதியர் தங்கள் மஞ்சள் ரோசா ஒன்றுக்குச் சூட்டினார்கள்.

ஒரே அறிவுதான் கோதுமைக்கும் பூவுக்கும் உதவுகிறது. மேலும், எங்கள் வாழ்விலே பூவுக்கு இடமில்லையா? பலிபீடத்துக்கும் பூ வேண்டும், மணப்பெண்ணுக்கும் வேண்டும், கல்லறைக்கும் வேண்டும். வசதி குறைந்த வீட்டிலும் முற்றத்தில் ஒரு பூங்கன்று நிற்பதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். சோற்றைப் பறித்துப் பூவுக்குக் கொடுப்பதே பிழை. சோற்றோடு பூவையும் தேடுவது மனித இயல்பு.

பிழை எங்கே தொடங்குகிறது?

அப்படியென்றால் பூ இனவிருத்தியில் பாவத்துக்கு இடமே இல்லையா? உண்டு. இரண்டு இடங்களில் அது நுழையக் காத்திருக்கிறது.

முதலாவது, 'இது என்னுடையது' என்ற சொல். அமெரிக்கா 1930ஆம் ஆண்டில் பூங்கன்றுகளுக்கும் காப்புரிமை வழங்கச் சட்டம் இயற்றியது. 1931 ஆகஸ்ட் 18ஆம் நாள் முதற் காப்புரிமை 'நியூ டோன்' என்ற கொடி ரோசாவுக்குக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ரோசா எவரும் கலந்து உண்டாக்கியதன்று. பழைய கொடி ரோசா ஒன்று தன்பாட்டிலே மாறி வந்த பேதம் அது. கண்டவர் கண்டார், காப்பாற்றினார், உண்டாக்கவில்லை. ஆண்டுக்கணக்காக உழைத்தவர் கூலி பெறுவது நீதியே. அதை நாங்கள் மறுக்கக்கூடாது. ஆனால் கூலிக்கு உரியவன் வேறு, கர்த்தா வேறு. தாம் நட்டதையும் அப்பொல்லோ நீர் பாய்ச்சியதையும் வளரச்செய்தவர் கடவுளே என்பதையும் கொரிந்தியருக்கு நினைவூட்டிய புனித சின்னப்பர், எங்கள் தோட்டத்துக்கும் சேர்த்தே அதை எழுதினார்.

இரண்டாவது, கன்றின் நலத்தை மறந்து கண்ணின் ஆசையை மட்டும் பார்ப்பது. அடுக்குச் செவ்வரத்தையைக் கவனித்துப் பாருங்கள். கேசரமாக வேண்டியவை இதழாகிவிட்டன. பார்க்க அழகு, மகரந்தமோ குறைவு. ரோசாவிலும் இதழ் கூடக்கூடத் தேனீக்கு மகரந்தம் அருமையாகிறது. நிறத்துக்காகவும் கடையிலே நெடுநாள் வாடாதிருப்பதற்காகவும் தெரிந்தெடுத்த பல ரோசாக்களில் வாசனை போய்விட்டது. சில, மருந்து தெளித்தால் அன்றி ஒரு மாரிகாலத்தைக் கடக்கமாட்டா. மனிதன் கைவிட்ட மறுநாளே மடியும் ஓர் அழகை உண்டாக்கிவிட்டு, 'என் கைத்திறன்' என்று பெருமைப்படலாமா?

இங்கேதான் கொடைக்கானல் முயற்சியின் அறம் எனக்குத் தெளிவாகிறது. அது கன்றுக்கும் மண்ணுக்கும் இடையே சமாதானம் செய்து வைக்கிறது. வல்வெட்டித்துறையாருக்கு இது புதிய பாடமா? உங்கள் ஊரின் ஓடாவிமார் எங்கள் கடலையும் வாடைக்காற்றையும் சோளகத்தையும் அறிந்து, அவற்றுக்கு ஏற்றபடி கப்பல் கட்டியவர்கள். அதனாலன்றோ அவர்கள் கட்டிய 'அன்னபூரணி' 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறைமுகம்வரை சென்றது! கடலோடு சண்டை பிடிக்கும் கப்பலை எந்த ஓடாவியும் கட்டமாட்டான்.

இன்னுமொன்று. 'எங்களுக்கு ஏற்றது' என்பதை 'எங்கள் ஊரிற் பிறந்தது' என்று குறுக்கிவிடவும் வேண்டாம். போர்க்காலத்தில் ஆளற்றுக் கிடந்த வளவுகளுக்கு மக்கள் திரும்பி வந்தபோது எவை பூத்து நின்றன? நித்தியகல்யாணியும் கடதாசிப் பூவும். நித்தியகல்யாணியின் தாய்நாடு மடகாஸ்கர். கடதாசிப் பூவின் தாய்நாடு தென்னமெரிக்கா. வந்தவைதான், ஆனால் வந்த இடத்தின் வெயிலையும் உப்பையும் ஏற்றுக்கொண்டு எங்களுடையவையாகிவிட்டன. இடம்பெயர்ந்து உலகெங்கும் வேரூன்றியிருக்கும் எங்கள் பிள்ளைகளை எண்ணினால் இது பூவைப்பற்றிய பேச்சு மட்டுமன்று.

ஆகவே, வாசகர்களே, உங்கள் வேலியில் இரண்டு நிறச் செவ்வரத்தை நின்றால் ஒருநாட் காலையில் நீங்களே முயன்று பாருங்கள். அந்தப் பூவுக்கு ஆயுள் ஒரு நாளே. வெயில் ஏறுமுன் ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் ஐந்து குறிகளில் மெல்லத் தடவிவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காய் பிடிக்காமல் உதிரும். பிடித்தாலும் முதற் பூவுக்கு இரண்டு வருடமளவில் காத்திருக்க வேண்டும். நினைத்த நிறம் வராது. நினையாத நிறம் வரும். அந்தப் பூவைக் கண்டு, 'இதை நான் உண்டாக்கினேன்' என்று பிள்ளை சொல்லுமாயின் கடிந்துகொள்ள வேண்டாம். அதிலிருந்து ஒரு கம்பை வெட்டி அடுத்த வீட்டு வேலியில் நட்டுவிட்டு வரும்படி சொல்லுங்கள். எது தன்னுடையது, எது தன்னிடம் தரப்பட்டது என்பதை அந்தக் கம்பு துளிர்க்கும்போது பிள்ளை தானாகவே அறிந்துகொள்ளும்.