எதிர்பாராதது என்ற சொல்

ஒன்றை 'எதிர்பாராதது' என்று சொல்லும்போது அந்தப் பொருளைப் பற்றி நாம் எதுவுமே சொல்லிவிடுவதில்லை. நம்முடைய எதிர்பார்ப்பைப் பற்றி மட்டுமே சொல்கிறோம். ஆனாலும் பழி அந்தப் பொருளின் மேல் போய்விடுகிறது. இச்சொல்லின் சௌகரியம் இதுதான்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் 'கார்ன் ஸ்நேக்' என்றொரு பாம்பு உண்டு, சோளப்பாம்பு எனலாம். விஷமற்றது. ஆரஞ்சு உடம்பில் கறுப்பு விளிம்பிட்ட செந்திட்டுகள். அடிவயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள். இதை வீட்டில் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறார்கள். பார்வைக்குச் சாதாரணமான ஆணும் பெண்ணும் கூடி இட்ட முட்டைகள் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொரிகின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து வெளிறிய இளஞ்சிவப்பில், கறுப்பின் சுவடே இல்லாத குட்டி ஒன்று தலை நீட்டுகிறது. வளர்ப்பவர் திகைக்கிறார்.

பாம்பின் தரப்பில் திகைக்க ஏதுமில்லை. 1953-இல் வடக்கு கரோலினாவில் கறுப்பு நிறமியற்ற ஆண் சோளப்பாம்பு ஒன்று பிடிபட்டது. இத்தன்மை மெண்டல் விதிப்படி இறங்கிவரும் ஒடுங்கு பண்பு என்பதை, வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்து, பெக்டெல் தம்பதியர் 1962-இல் காட்டினார்கள். தன்னை நகலெடுத்து இடம் மாறும் டி.என்.ஏ. துண்டு ஒன்று ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் புகுந்திருப்பதை ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டு, நிறமிழப்பை அதனோடு தொடர்புபடுத்தினார்கள். தாயும் தகப்பனும் இப்பண்பை மறைவாகச் சுமந்திருந்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அது வெளிப்படும். மற்ற மூன்றும் சாதாரணமாகத் தோன்றும். அவற்றில் இரண்டு பெற்றோரைப் போலவே சுமப்பவை. எந்த இரண்டு என்று கண் சொல்லாது. நாம் திகைத்தது, தோற்றமே முழு உண்மை என்று நம்பியிருந்ததால்.

இதுவரை இது அறிவு பற்றிய பிரச்னை. இனி அறம் பற்றியது.

காட்டில் நிறம் பாம்பை மறைக்கிறது. மறைவதால் அது பிழைக்கிறது. பெட்டிக்குள் இந்த நியாயம் தலைகீழாகிறது. அங்கே கண்ணில் பட்டதுதான் பிழைக்கும். வெளிப்பட்ட நிறத்துக்கு உடனே ஒரு பெயரும் விலையும் கிடைக்கின்றன. அதை நிலைநிறுத்தத் தாயோடு மகனையும் அண்ணனோடு தங்கையையும் சேர்க்கிறார்கள். சாதாரணக் குட்டிகூட, தான் என்னவாக இருக்கிறது என்பதற்காக அல்ல, எதைச் சுமக்கக்கூடும் என்பதற்காகவே மதிப்புப் பெறுகிறது.

'சன்கிஸ்ட்' என்ற நிற வம்சத்தை இப்படிப் பெருக்கியபோது அதில் வேறொன்றும் வெளிப்பட்டது. அதுவும் ஒடுங்கு பண்புதான்; ஆனால் நரம்புக் கோளாறு. உடம்பு நிலைகொள்ளாமல் தலை மேல்நோக்கி முறுக்கிக்கொள்கிறது. சில சமயம் பாம்பு மல்லாந்தே ஊர்கிறது. இதற்கு இட்ட பெயர் 'ஸ்டார்கேசர்'. நட்சத்திரம் பார்ப்பது என்று அர்த்தம். அந்தப் பாம்பு எந்த நட்சத்திரத்தையும் பார்ப்பதில்லை. அழகான சொல் இங்கே அவஸ்தையின் மேல் போர்த்திய துணி.

இயற்கையிலும் இது நடக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். நடக்கிறது. ஆனால் பரந்த காட்டில் இத்தகைய சுமையுள்ள இரண்டு சந்திப்பது அபூர்வம். பெட்டியில் அவற்றைச் சந்திக்க வைப்பது ஒரு கை. புதுநிறத்தைக் கொடுத்த விதியேதான் முறுக்கிய கழுத்தையும் கொடுத்தது. முன்னதை என் சாதனை என்றும் பின்னதை விபத்து என்றும் ஒரே வாயால் சொல்ல முடியாது. சுமக்கிறதா என்று சோதனைக் கலப்பு செய்து பார்த்து, சுமப்பதை விலக்கும் வளர்ப்பாளர்களும் உண்டு. அவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள்.

அறியாதவனுக்கு எதிர்பாராதது ஒருமுறை மன்னிக்கப்படலாம். விதி தெரிந்த பிறகும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவன், பாம்பைப் பற்றி அல்ல, தன் பொறுப்பைப் பற்றியே பொய் சொல்கிறான்.