பச்சையும் முத்திரையும்

பச்சை குத்துவது எந்த நாட்டில் தொடங்கியது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் இருந்து ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. செத்து ஏறத்தாழ 5,300 வருசம் ஆகியிருந்தது. அந்த உடம்பில் 61 பச்சைக் குறிகள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று வலி வரக்கூடிய இடங்களில் கோடு கோடாக இருந்ததால், வைத்தியமாகக் குத்தியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஏறத்தாழ அதே அளவு பழைய எகிப்திய உடல்கள் இரண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் கிடக்கின்றன. ஆணின் கையில் காட்டு மாடும் செம்மறியும், பெண்ணின் தோளில் வளைகோடுகளும் இருந்ததை 2018-இல்தான் கண்டுபிடித்தார்கள். 'டாட்டூ' என்ற சொல் பசிபிக் தீவு மக்களுடையது. 1769-இல் தாகித்திக்குப் போன குக் கப்பல்காரர்கள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஒருத்தரிடம் ஒருத்தர் கற்றுக்கொள்ளாமலே உலகம் முழுக்க மனுசர்கள் கரியையும் முள்ளையும் எடுத்துத் தோலில் எழுதியிருக்கிறார்கள்.

தமிழ் படித்தவர்கள் உடனே சங்க இலக்கியத்திலிருந்து தொய்யிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானும் எம்.ஏ. தமிழ்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். தொய்யில் குழம்பால் எழுதுவது, கழுவினால் போய்விடும். பச்சை போகாது. இந்தப் 'போகாது' என்பதில்தான் விசயமே இருக்கிறது. ஒரு உடம்பின் மேல் அழியாமல் எழுத யாருக்கு உரிமை? எழுதியதை வாசிக்கிறவர் யார்? இதைக் கேட்காமல் பச்சையின் தொன்மையை மட்டும் பேசுவது அருங்காட்சியகத்துக்காரர்களின் வேலை. நமக்கு அது போதாது.

எங்கள் பக்கம் பச்சை குத்தினது குறத்திகள். அகத்தி இலையையும் மஞ்சளையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே மண்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தால் கரி படியும். அதைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தன் சாதிகள் பற்றிய தொகுதிகளில் இதை எழுதி வைத்திருக்கிறார். எங்கள் தெருக் கிழவிகள் அவரை வாசிக்காமலே இதே மாதிரிதான் சொல்வார்கள். கறுப்பு மைதான். தோலுக்கு அடியில் போனதும் பச்சையாகத் தெரியும். மூன்று நான்கு ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலி கொஞ்சம் அரிசி, வெற்றிலை பாக்கு, சில்லறை.

என் அம்மாச்சி பிறந்தது மேலூருக்குக் கிழக்கே. இரண்டு முழங்கையிலும் புள்ளி வைத்துச் சுற்றிய கோலம், வலது மணிக்கட்டில் தேள், கன்னத்தில் ஒரு புள்ளி. இடது கையில் தாத்தா பேரின் முதல் எழுத்து. புருசன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்ற காலம், அதனால் ரேசன் கடையில் பேரைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுமாம். "நகை நட்டெல்லாம் செத்தா உருவிக்கிருவாக, இத எவன் உருவுவான்?" என்று அது சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பது கல்லூரி நூலகத்தில் ஹட்டன் எழுதிய புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் பூச்சும் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளைபோனது. அதற்கும் அடங்கவில்லை என்று 1931 ஜூனில் பதினொரு தடை. அதில் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் உண்டு, கல்யாணத்தில் மேளம் கூடாது என்பதும் உண்டு. இரண்டு பட்டியலையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பச்சை இல்லை. உடம்பில் இருக்கிற எல்லாவற்றையும் எண்ணியவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள். கழற்றச் சொல்ல முடியாததைத் தடை செய்து என்ன பிரயோசனம் என்று நினைத்தார்களோ, தங்கள் வீட்டுப் பெண்கள் கையிலும் அதே கோலம் இருந்ததை நினைத்தார்களோ. கழுத்தில் கிடக்கவேண்டியது கையில் பச்சையாக ஏறிக்கொண்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் அம்மாச்சி சொல்லும். ஊருக்குள் குத்திவிட்டுத்தான் குறத்தி சேரிக்கு வரும். அதே ஊசி, அதே மைக் கொட்டாங்குச்சி. டம்ளரைத் தொட்டால் தீட்டு என்றவர்களின் ரத்தம் பட்ட ஊசி எங்கள் கையிலும், எங்கள் ரத்தம் பட்ட ஊசி அடுத்த ஊரில் அவர்கள் கையிலும் ஏறியிருக்கிறது. டாக்டர்கள் கேட்டால் திட்டுவார்கள், காமாலைக் கிருமி பரவுகிற வழி அது. ஆனால் ரத்தத்தூய்மை பேசுகிறவர்களுக்கு இந்த ஊசி ஒரு நல்ல பதில்.

இது பச்சையின் ஒரு பக்கம். மறுபக்கம் முத்திரை.

கிரேக்கர்கள் அடிமையின் நெற்றியில் குத்திய குறிக்கு 'ஸ்டிக்மா' என்று பேர். அந்தச் சொல்தான் பிறகு அவமானம் என்றே பொருள்பட்டுப் போனது. 316-இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஒரு ஆணை போட்டான். தண்டிக்கப்பட்டவர்களின் முகத்தில் குத்தக்கூடாது, முகம் தெய்வ அழகின் சாயல் என்றான். கையிலும் கெண்டைக்காலிலும் குத்திக்கொள்ளலாமாம். கருணை கழுத்தோடு நின்றுபோயிற்று. வெளியே எங்கும் போகவேண்டாம், நம் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கோயிலுக்கு அடிமையானவர்களுக்குச் சூல இலச்சினை இட்ட செய்தி இருக்கிறது. வைணவர்கள் இன்றைக்கும் தோளில் சங்கு சக்கரம் சுட்டுக்கொள்கிறார்கள், அதை அருள் என்கிறார்கள். காய்ச்சின உலோகம் ஒன்றுதான். ஒருத்தருக்கு மோட்சம், ஒருத்தருக்கு உடைமைச் சீட்டு.

வெள்ளைக்காரன் கம்பெனி ஆட்சியில் 1797-லிருந்து வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சையாகக் குத்தினான். 'கோத்னா' என்று பேர். வட நாட்டுப் பெண்கள் அழகுக்குக் குத்திக்கொள்வதற்கும் அதே பேர்தான். மக்களின் கலையை எடுத்து மக்களின் நெற்றியிலேயே குத்தினான். கைதிகள் முடியை வளர்த்தும் தலைப்பாகையை இறக்கிக் கட்டியும் மறைத்தார்கள். 1849-இல் அந்தத் தண்டனை நின்றது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. இப்போது நெற்றி தேவையில்லை, பிறப்பே போதும். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது கைரேகை என்கிற வித்தையும் கூடவே வந்தது. எழுதவேண்டியதில்லை, ஏற்கனவே உடம்பில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம்.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை வைக்கமாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர்கள் மேல் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அந்தச் சாவை நான் மதிக்கிறேன். பத்து வருசம் கழித்துப் பக்கத்து மாவட்டத்தில் கள்ளர்கள் எங்கள் உடம்பின் மேல் எட்டுத் தடை எழுதினார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன். அவர்கள் வேறு நாடு, வேறு பிரிவு என்று பதில் வரும். வரட்டும். உடம்பைக் குறியாக்குவது கொடுமை என்று ஓரிடத்தில் ரத்தம் சிந்திச் சொல்லப்பட்டது, அடுத்த இடத்தில் ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

பச்சை குத்தின குறவர்களும் அதே சட்டத்தின் பட்டியலில் இருந்தார்கள். எங்கள் கையில் கோலம் போட்ட விரலை ஸ்டேசனில் மையில் அழுத்தி எடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் போயிற்று, 1952-இல் நாடு முழுக்கப் போயிற்று. போயிற்று என்று எழுதுகிறேன். 1993 டிசம்பரில் அமிர்தசரஸில் நான்கு பெண்களின் நெற்றியில் 'ஜேப்கத்ரி', அதாவது பிக்பாக்கெட், என்று போலீஸ்காரர்கள் பச்சை குத்தினார்கள். அந்தப் பெண்கள் சான்சி சமூகம், பழைய குற்றப் பரம்பரைப் பட்டியல். 2016-இல்தான் பாட்டியாலா சிபிஐ நீதிமன்றம் மூன்று போலீஸ்காரர்களைத் தண்டித்தது. 23 வருசம்.

இந்த இடத்தில் ஒரு சுலபமான முடிவுக்கு வந்துவிடலாம். விரும்பிக் குத்திக்கொண்டால் பச்சை, கட்டாயமாகக் குத்தினால் முத்திரை. நண்பர்கள் பலர் இதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை. என் அம்மாச்சியை யார் கேட்டார்கள்? ஆறேழு வயதில் இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, கத்தக் கத்தக் குத்தியிருக்கிறார்கள். அதற்காக அதை அடிமைக் குறி என்று சொன்னால் அம்மாச்சி என்னை விளக்குமாற்றால் அடிக்கும். இன்னொரு பக்கம், தலைவர் சொன்னார் என்று எம்.ஜி.ஆர். காலத்தில் கட்சிக்கொடியைக் கையில் குத்திக்கொண்டவர்கள் விரும்பித்தான் குத்திக்கொண்டார்கள். விருப்பம் என்பது அவ்வளவு சுத்தமான சரக்கு இல்லை.

சத்தீஸ்கரில் ராம்நாமிகள் என்று ஒரு தலித் கூட்டம். கோயிலுக்குள் விடாததால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரசுராம் என்பவர் தொடங்கிய வழி. உடம்பு முழுக்க, முகம் வரைக்கும், ராம் ராம் என்று குத்திக்கொண்டார்கள். சாமியைத் தோலுக்குள் கொண்டுவந்துவிட்டால் பூசாரி எந்தக் கதவைப் பூட்டுவான்? அந்தக் கலகத்தை நான் கேலி பண்ணமாட்டேன். ஆனால் அதே ராமனின் கோயில் வாசலில், நாசிக்கில், அம்பேத்கர் 1930-இல் சத்தியாகிரகம் தொடங்கினார். 1935-இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கால் நடந்துவிடும், தோல் நடக்காது. ராம்நாமிகளின் பிள்ளைகள் இன்று உடம்பு முழுக்கக் குத்திக்கொள்வதில்லை, வெளியூரில் வேலைக்குப் போகவேண்டும்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? நான் இப்படி அளக்கிறேன்: அந்தக் குறி பக்கத்தில் இருக்கிற உடம்பை என்ன செய்கிறது? அம்மாச்சியின் தேள் யாரையும் கீழே இறக்கவில்லை. தென்மாவட்டப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கட்டுகிற கலர் கயிறு இறக்குகிறது. அதை யாரும் அமுக்கிப் பிடித்துக் கட்டவில்லை, ஆசையாகத்தான் கட்டுகிறார்கள். மஞ்சளும் சிவப்பும் என்ன சாதி, பச்சையும் வெள்ளையும் என்ன சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மனப்பாடம். எதிரே வருகிறவன் ஒதுங்கவேண்டும், அதற்குத்தான் கயிறு. 2019-இல் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு தலித் மாணவனையும் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிற்றை வாசலில் அறுக்கலாம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மெசினில் சாதிப் பேரைக் குத்திக்கொண்ட கையை என்ன செய்வது?

போன மாதம் ஒரு கல்லூரித் தம்பி கேட்டான். "அக்கா, கையில ஜெய்பீம்னு குத்திக்கிடட்டுமா? அதுவும் கயிறு மாதிரித்தான்னு எங்க சார் சொல்றாரு." இல்லை என்றேன். ஜெய்பீம் என்பதை எந்தச் சாதியில் பிறந்தவனும் குத்திக்கொள்ளலாம், யாரும் அதற்காகக் குனியவேண்டியதில்லை. பட்டாளத்துக்கு முயற்சி செய்கிறாய் என்றால் முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர மற்ற இடத்தில் குத்தினால் எடுக்கமாட்டார்கள், பார்த்துக்கொள் என்றும் சொன்னேன். அவன் போனபிறகுதான் மற்றொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பையன்களிலும் சிலர் உட்சாதிப் பேரைக் குத்திக்கொள்கிறார்கள். பள்ளர், பறையர் என்ற பேரை அவமானமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் அதைத் தலைநிமிர்ந்து சொல்வதில் எனக்குச் சந்தோசம்தான். அதே கையோடு அவர்கள் அருந்ததியர் தெருவுக்குள் போகும்போது அங்கே அதை எப்படி வாசிக்கிறார்கள் என்பதை நான் சொல்ல முடியாது. அந்தத் தெருத் தோழர்கள் இதே இதழில் எழுதவேண்டும்.