பத்துக்கு ஆசைப்படும் விரல்

அக்காள்மடத்துத் திருவிழாவில் பலூன் சுடும் சிறுவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. குழல் கோணல் என்று கடைக்காரரைச் சாடிச் சிரித்துவிட்டு அடுத்த பலூனைக் குறிபார்க்கலாம். அவனுக்குக் குறி நன்றாக விழுகிறது என்று ஒரு பெரியவர் கண்டுபிடித்துப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டால், அதன்பின் அந்தச் சிரிப்பு யாருடைய பொறுப்பு?

மற்ற ஆட்டங்களைவிடத் துப்பாக்கி சுடுதலில் இந்தக் கேள்வி கூர்மையானது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதைத் தேடிப் போகும் குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். தகுதிச்சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகள். ஓட்டக்காரருக்கு வெறி கொஞ்சம் உதவலாம். இங்கே ‘பத்து வேண்டும்’ என்ற நினைப்பே விரலில் இறங்கி விசையை வெடுக்கென்று இழுத்துவிடும். பேராசைக்குத் தண்டனை மறுமையில் அல்ல, அடுத்த நொடியிலேயே திரையில் தெரிந்துவிடுகிறது.

அதற்காக வெல்லும் ஆசையே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஏர் ரைஃபிள் வீரர் அபினவ் பிந்த்ராவை எடுத்துக்கொள்வோம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்றுவரை வந்து ஏழாமிடம். நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங்கில் கடைசிக் குண்டு 10.8, தங்கம். இடைப்பட்ட காலத்தில் அவர் தன்னை வருத்திக்கொண்டதை ‘ரசித்து ஆடினார்’ என்று வர்ணிப்பது பொய்யாகும். ஆனால் வென்றபின் பெரும் வெறுமை சூழ்ந்ததாக அவரே பேசியிருக்கிறார். குறியைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ளாதவருக்கு, குறி விழுந்த மறுநாள் கையில் என்ன மிஞ்சும்? 2016 ரியோவில் நான்காமிடம் பெற்று அவர் விடைபெற்றதை, பெய்ஜிங்கை விடச் சிறியதென்று நான் எண்ணவில்லை.

பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கரின் கதை வேறு தினுசு. டோக்கியோ ஒலிம்பிக்கில் துப்பாக்கி பழுதாகி நிமிடங்கள் போயின, இறுதிச்சுற்றும் போயிற்று. ஒரு கட்டத்தில் சுடுவது வேலைக்குப் போய்வருவது போலாகிவிட்டது என்று சொன்னவர், பழைய பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவிடம் திரும்பினார். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம். மகிழ்ச்சி திரும்பியதால் பதக்கம் வந்தது என்று சூத்திரம் எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் மகிழ்ச்சியும் பதக்கத்துக்கான ஒரு பயிற்சி உத்தியாகிவிடும். பதக்கம் வராமல் போயிருந்தாலும் அந்தத் திரும்பல் சரியானதுதான்.

‘ஜெயிப்பதை விடு, அனுபவித்து ஆடு’ என்பது மேலான அறிவுரையாகத் தோன்றுகிறது. ஆனால் எல்லோர் நிலையும் ஒன்றல்ல. பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுகளம் இருந்தது. போட்டித் தரத்து ரைஃபிள் வெளிநாட்டிலிருந்து வருவது, விலை லட்சங்களில். பாம்பன் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண் கடன்பட்டு ஒன்றை வாங்கினால், அவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்பது வீண்பெருமை அல்ல. அடுத்த வேளைக் கவலை இல்லாதவர் அவளிடம் ரசிக்கச் சொல்வதில் கொஞ்சம் அகந்தை கலந்திருக்கிறது. அவளுடைய ஆசை அவளுடையதாக இருக்கும்வரை அதில் பழுதில்லை. கடனை, ஊர்ப் பெருமையை, தாம் எட்டாததை அவள் விரலில் ஏற்றிவைக்கிற பெரியவர்களிடம்தான் பழுது. அவர்கள் செலவழித்த பணம் பயிற்சியையும் உழைப்பையும் கேட்கலாம். பதக்கத்தைக் கேட்க அதற்கு உரிமையில்லை. விட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் அவள் சொன்னால் அந்தச் சொல்லுக்கும் வீட்டில் இடம் வேண்டும்.

கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்குப் போகும்போது உலகத் தரவரிசையின் உச்சியைத் தொட்டவர். டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் இறுதிச்சுற்று எட்டவில்லை. நாடு அவரைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டது. அவர் சுடுவதைக் குறைத்துக்கொள்ளவில்லை. 2025இல் ஷிம்கெண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கினார். அது வராமல் போயிருந்தால் அவர் தொடர்வதை மதித்திருப்போமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.