நிரந்தரமாக என்ற ஒரு சொல்

காயல்பட்டினத்துக் கடற்கரையில் மாலை நேரத்தில் உட்கார்ந்தால், கொழும்பும் ஹாங்காங்கும் பக்கத்துத் தெருக்களைப் போலப் பேச்சில் வந்து போகும். இரத்தின வியாபாரம் அந்த ஊர்க்காரர்களை அத்தனை தூரம் கொண்டு சென்றிருக்கிறது.

ஹாங்காங்கில் இருபத்தைந்து வருஷம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவர் அங்கே என்னிடம் ஒரு சிக்கலைச் சொன்னார். வயது ஐம்பத்தெட்டு. நான் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பேன்.

அங்கே வருமான வரியை முந்திய வருஷத்துச் சம்பளத்தை வைத்து முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். கணக்கு வருஷம் மார்ச் 31-இல் முடிகிறது. இவர் ஜனவரித் தவணையைக் கட்டிவிட்டு அந்த மாதமே வேலையை விட்டவர். கணக்குத் தீர்த்தபோது கட்டியது அதிகம் என்று தெரிந்தது.

"சோறு போட்ட ஊரிடம் சில்லறைக்குக் கை நீட்டுவதா, தம்பி?" என்றார்.

"அது தானமல்ல, காக்கா. உங்கள் பணம். கணக்கைச் சரியாகத் தீர்த்துக்கொள்வதில் என்ன நன்றி கெட்டுப்போகிறது?" என்றேன். அதை ஒப்புக்கொண்டார்.

சிக்கல் அதுவல்ல. 2000 டிசம்பரில் அங்கே தொடங்கிய கட்டாய சேமநிதியில் அவர் பெயரில் ஒரு தொகை இருந்தது. சாதாரணமாக 65 வயதில்தான் கைக்கு வரும். நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவன், வேலைக்கோ குடியிருக்கவோ திரும்பும் எண்ணம் இல்லை என்று பிரமாணம் செய்து கொடுத்தால் முன்னதாகவே வாங்கலாம். ஆயுளில் ஒரே தடவை.

மகளுக்கு வீடு கட்டியாக வேண்டும். அவ்வூரில் பெண் மணமான பிறகும் தாய் வீட்டுப் பக்கமே இருப்பாள். அவளுக்கென்று ஒரு வீடு கொடுப்பது பெற்றவர் கடமை. ஆனால் கல்யாணம் முடிந்ததும் அங்கே தம்பி கடையில் மறுபடி உட்கார வேண்டும் என்பதும் இவர் மனத்தில் இருந்தது.

"எல்லாரும் போடுகிற கையெழுத்துத்தானே என்கிறார்கள். பணமும் என்னுடையதுதான். ஆனால் அந்தத் தாள் என் நிய்யத்தையல்லவா கேட்கிறது!" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். வரியைத் திரும்பக் கேட்பவன் ஒரு கணக்கைக் காட்டினால் போதும். கணக்கை யாரும் சரிபார்க்கலாம். இதைக் கேட்பவனோ தன் எண்ணத்தைச் சாட்சியாக நிறுத்துகிறான். அதைச் சரிபார்க்கக் கூடியவன் அவன் ஒருவனே. நம் பணத்தையே நாம் வாங்கினாலும், பொய் சொல்லி வாங்கினால் அதில் ஒரு களவு கலந்துவிடுகிறது. பணத்துக்குச் சொந்தக்காரன் என்பதால், அதை எப்போது எடுப்பது என்பதற்கும் அவனே சொந்தக்காரன் ஆகிவிடுவதில்லை.

வரிப் பணத்தை அவர் வாங்கிக்கொண்டார். மற்றத் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மகளின் வீட்டுக்கு மாடி எழும்பவில்லை. கீழ்த்தளம் மட்டும் கட்டி முடிந்தது.

கதைகளில் நேர்மையான மனிதர்களைப் பலமுறை படைத்திருக்கிறேன். அந்தத் தாள் என் முன்னே வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.